முதலில் பாக்கெட்டைக் காட்டுங்க சார்

உட்கார்ந்து எழுதும் பொறுமை எனக்குக் கிடையாது. இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வயதுக்காலம் பூராவும் வார்டில் நின்றுகொண்டே வேலை பார்த்த நர்சுக்கு நாற்காலி ஒத்துக்கொள்வதில்லை.

எழுதச் சொன்னவள் கலைவாணி. என்னிடம் வேலை பழகியவள். இப்போது அவள் இருக்கும் ஆஸ்பத்திரியில் புகையிலையை விட வைப்பதற்கென்றே ஓர் அறை திறந்திருக்கிறார்கள். போன மாதம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஏசி, சோபா, சுவரில் பெரிய படம். ஆசை வந்தால் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள், வேறு வேலையில் மனதைத் திருப்புங்கள். எல்லாம் சரிதான். மெல்லுவதற்கு ஒரு சூயிங்கம்கூட வந்துவிட்டது. வருகிறவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி, ‘ஒரு நாளைக்கு எத்தனை பீடி அல்லது சிகரெட் பிடிக்கிறீர்கள்?’ என்பது.

“முதல் கேள்வியே தப்புடி” என்றேன்.

“இன்னா சிஸ்டர், வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்கிறீங்க? தப்புன்னா எழுதிக் குடுங்க. இங்க இருக்கிற பொண்ணுங்களுக்குப் படிச்சிக் காட்டறேன்” என்றாள்.

சரி, எழுதுகிறேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. சேலத்தில் படித்தேன். சுருக்கம் விழாமல் படுக்கை விரிக்கவும், மேட்ரனின் செருப்புச் சத்தத்தைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கவும் கற்றேன். சின்னசேலத்தில் ரயிலிறங்கி, தகரப் பெட்டியோடு பஸ் ஏறி, கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். இன்று அந்த ஆஸ்பத்திரி இல்லை. பேர் எதற்கு?

அங்கே சர்ஜன் டாக்டர் தாமோதரன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, நீளமான விரல்கள். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். அவர் முணுமுணுக்க ஆரம்பித்தால் வார்டே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். நோயிடம்தான் பேசுவார். வயிற்றுவலி என்று வந்தால் வயிற்றைத் தட்டி, “என்ன சொல்ற நீ?” என்பார். ஆள் பதில் சொன்னால், “உங்கள கேக்கல” என்பார். சில பேர் பயந்துவிடுவார்கள், சில பேர் சிரித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மனுஷர் ஓயாமல் சிகரெட் பிடிப்பார். வெள்ளைக் கோட்டின் மேல்பாக்கெட்டில் எப்போதும் சிகரெட் பாக்கெட் இருக்கும். ரவுண்ட்ஸ் முடிந்தால் பின்பக்க வேப்பமரத்தடி. அங்கே புகை வந்தால் டாக்டர் இருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

சின்னக்கண்ணு அவரிடம் வந்தது பலாப்பழக் காலம் முடிந்த சமயம். மலையடிவாரத்து ஊர்க்காரர். நாற்பது வயதிருக்கும். ரோடு போகாத மலையூர்களுக்கு உப்பும் கெரசினும் தலையில் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது புளியும் கடுக்காயும் இறக்கிக்கொண்டு வருவார். அதுதான் பிழைப்பு. பாதி மலை ஏறுவதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தால் வலி விட்டுவிடும் என்றார். பீடிதான் வலியை விரட்டியது என்று நம்பினார். வலி விட்டது உட்கார்ந்ததால். பீடியோ காலுக்குப் போகும் ரத்தக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. எங்களிடம் வரும்போது வலது காலில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கரிக்கட்டையாகக் கறுத்துப் போயிருந்தன.

டாக்டர் அந்தக் காலைப் பார்த்த விதத்தை இப்போதும் பெண்களுக்குச் சொல்லித் தருவேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அங்கே ஒரு நாடி துடிக்க வேண்டும். “அழுத்தாத சரோஜா. அழுத்தினா உன் விரலோட துடிப்பையே அவன் காலோட துடிப்புன்னு நெனச்சிக்குவ” என்றார் என்னிடம். நாங்கள் கை வைத்துப் பார்த்து, இல்லை என்று எடுத்துவிட்டோம். அவர் மட்டும் எடுக்கவில்லை. கோயிலில் கதவு திறக்கக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். கடைசியில் கையை எடுத்தார். துடிப்பு இல்லை.

தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, வயலட் மருந்தில் தொட்டு, கறுப்பு எந்த இடத்தில் முடிகிறதோ அங்கே ஒரு கோடு போட்டார். அப்புறம் காலைப் பார்த்துச் சொன்னார்: “இதுக்கு மருந்து எங்கிட்ட இல்ல. பீடிய விட்டா நீ நிப்ப. விடலேன்னா, கோட்டத் தாண்டி கறுப்பு மேல வரும். அப்ப முட்டிக்குக் கீழ எடுத்துருவேன்.”

“கால எடுத்துட்டா நான் இன்னா சார் பண்ணுவேன்?” என்றார் சின்னக்கண்ணு. “மலைக்குப் போறவனுக்கு வேற எது போனாலும் சமாளிச்சிக்குவேன். கால் போனா வூட்டுல நாலு பேரு வவுறு காயும்.”

மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து என் கையில் வைத்தார். பக்கத்தில் நின்ற மனைவி பச்சையம்மாவைப் பார்த்துக்கொண்டே, “எம் பொண்ணு மேல சத்தியம். இனி இத வாயில வெக்க மாட்டேன்” என்றார். நான் அதைக் குப்பைக் குழியில் போட்டுக் கொளுத்தினேன்.

பீடியை விட்டவர்களை அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன். முதல் சில நாள் மனுஷனாகவே இருக்க மாட்டார்கள். காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். படுத்தால் தூக்கம் வராது, உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. சாப்பிட்டது பத்தாது, வயிறு போகாது, இருமல் கூடும். சின்னக்கண்ணுவும் அப்படித்தான் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் தும்மினதற்குச் சண்டைக்குப் போனார்.

எங்கள் வார்டில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஆபரேஷன் தியேட்டருக்கு, புண்ணில் வைத்துக் கட்டும் காஸ் துணி பெரிய சுருளாக வரும். அதை வெட்டி, நூல் பிரியாத பக்கம் உள்ளே போகிறபடி மடித்து, சின்னச் சின்னச் சதுரமாக அடுக்க வேண்டும். அப்புறம்தான் டிரம்மில் வைத்து ஆவியில் வேகவைப்போம். முடிவே இல்லாத வேலை. பீடியை விட்டவர் கையில் அந்தச் சுருளைக் கொடுத்துவிடுவேன். ஆசை வருவது பால் பொங்குகிற மாதிரி. பொங்கும்போது பயமாக இருக்கும், கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் அடங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரம் கை சும்மா இருக்கக் கூடாது, வாயும் சும்மா இருக்கக் கூடாது. வாய்க்குச் சுக்கு, பொட்டுக்கடலை, நெல்லிக்காய். சாப்பிட்ட இடத்திலேயே உட்காரக் கூடாது, அதுதான் பீடி கூப்பிடுகிற நேரம். டீ காபியைக் குறைத்துவிட வேண்டும், அதோடு ஒட்டிக்கொண்டுதான் நினைப்பு வரும்.

சின்னக்கண்ணு மடித்துத் தள்ளினார். திட்டிக்கொண்டே மடித்தார். சில நாளில் ஆள் தெளிந்துவிட்டார். ராத்திரி தூங்கினார். தும்மல்காரரோடு ஆடுபுலி ஆடினார். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. கறுப்பு மட்டும் நிற்கவில்லை.

காலையில் கட்டைப் பிரிப்பது என் வேலை. போர்வை காலில் படக் கூடாதென்று வைத்திருக்கும் இரும்பு வளையத்தை நகர்த்தி, உப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் துணியை எடுப்பேன். வயலட் கோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக நீலம் பாரித்திருக்கும். டாக்டர் வந்து இன்னொரு கோடு போடுவார். அது விரலைத் தாண்டிப் பாதத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் சின்னக்கண்ணுவின் விரலை முகர்ந்து பார்த்தார், சட்டையை முகர்ந்தார். பீடி நாற்றமே இல்லை.

“நான் பாத்துக்கிட்டேதான் சார் இருக்கேன். அவர் பிடிக்கல” என்றேன்.

“அப்ப கால் பொய் சொல்லுதா?” என்றார் மெதுவாக. காலை எடுக்க அந்த வாரத்திலேயே நாள் குறித்துவிட்டார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் சேலத்திலிருந்து வர வேண்டும், அவருக்கும் சொல்லியாயிற்று.

அந்த நாள் வரவில்லை. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. எங்கள் சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சேலம் டாக்டர் எப்படி வருவார்? பால்காரர் மட்டும் வயல் வரப்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தூரத்தில் போலீஸ் லாரி சத்தம் கேட்டாலே வார்டில் பேச்சு நின்றுவிடும், அவரவர் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு.

“எம் புள்ள பத்தாவது படிச்சிட்டுக் கரும்பு வெட்டறான். கேக்காம இன்னா பண்றது?” என்றார் ஒருவர்.

“கேளுய்யா, வேணாங்கல. மரம் இன்னா பாவம் பண்ணிச்சி?” என்றார் எதிர்க்கட்டில்காரர்.

“அரசியல் பேசினா ஆளுக்கு ஒரு ஊசி ஜாஸ்தி போடுவேன்” என்றேன். அத்தோடு அடங்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே முருகேசன் பெட்டிக்கடை. முதல் நாளே சரக்கெல்லாம் காலி. பீடி, சிகரெட், வெற்றிலை, எதுவும் இல்லை. பற்றவைக்க வருகிறவர்களுக்காகக் கடை முன்னால் நுனி கனன்றபடி ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். பற்றவைக்க ஆளில்லாததால் அதையும் அணைத்துவிட்டு, முருகேசன் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் எங்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும். பாக்கெட்டைத் தட்டுவார், காலி என்று தெரிந்தும் மறுபடி தட்டுவார். தர்மாமீட்டர் உதறுகிற சத்தம் அவருக்கு ஆகவில்லை. கம்பவுண்டர் பேனாவைக் கடன் கேட்டார் என்று உரக்கக் கத்தினார். அவர் கத்துவதை அன்றைக்குத்தான் கேட்டோம். சின்னக்கண்ணுவுக்குக் காஸ் கொடுத்தவள் இவரை மட்டும் விட்டுவிடுவேனா? ஒரு சுருளை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

“என்ன இது?”

“கை சும்மா இருக்குதே சார்.”

எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். அப்புறம் வாங்கிக்கொண்டார். வார்டின் நடுவில் கிடந்த பெஞ்சில், சின்னக்கண்ணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். சர்ஜனின் மடிப்பல்லவா, மூலைக்கு மூலை சரியாக இருந்தது.

ஆனால் சின்னக்கண்ணுவின் மடிப்பு அன்றைக்குக் கோணல்மாணலாக இருந்தது. நன்றாகத் தெளிந்திருந்த மனுஷர் முந்தைய நாளிலிருந்து மறுபடி மாறிப்போயிருந்தார். சோற்றைத் தள்ளிவிட்டார். ஆடுபுலிக் கட்டத்தைக் காலால் அழித்தார். கை நடுங்கியது. டாக்டர் தன் மடிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கியது.

“சிஸ்டர், இவன் முந்தாநாள் வரைக்கும் பிடிச்சிருக்கான்.”

“இல்ல சார்.”

“எனக்கு எப்படி இருக்கோ அப்படியே இவனுக்கும் இருக்கு. இதே நடுக்கம், இதே எரிச்சல். எனக்குச் சிகரெட் நின்னுபோச்சு, அதனால வந்தது. எப்பவோ விட்டவனுக்கு இன்னிக்கு எது நின்னுபோச்சு?”

சின்னக்கண்ணு எழுந்தார். மடித்த காஸெல்லாம் தரையில் சிதறியது.

“எம் பொண்ணு மேல சத்தியம் பண்ணிட்டுத் திருட்டுத்தனமா குடிப்பனா சார்? இன்னா ஆளுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க? கால் போனா போவட்டும். பொய்யன்னு பேரு வாங்கிக்கினு இங்க கெடக்க மாட்டேன். வாடி போலாம்!”

ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். பச்சையம்மா குறுக்கே விழுந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கத்தினேன். டாக்டரையும் சேர்த்தே கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எப்படியோ கட்டிலில் கொண்டுவந்து போட்டோம். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சிகரெட் இல்லாமலே நின்றார். எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொல்வதும் பொய்யாகத் தெரியவில்லை. ரெண்டும் எப்படி நிஜமாக இருக்கும் என்று நினைத்து நினைத்துத் தலை வலித்தது.

மத்தியானம் தண்ணீர்க்குழாய் பக்கம் பச்சையம்மா என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“சிஸ்டரம்மா, இங்க யாராண்டயாவது துளி பொடி இருக்குங்களா?”

“என்ன பொடி?”

“மூக்குப்பொடிங்க. மூக்குல எல்லாம் போட மாட்டாருங்க, பல்லுக்குத்தான். கட மூடுனதுல இருந்து பாவம், பல்லே வெளக்கல. வேப்பங்குச்சி ஒடிச்சிக்கினு வந்து குடுத்தேன், தூக்கிக் கடாசிட்டாரு.”

குழாயை மூடினேன். “தினமும் வைப்பாரா?”

“முன்னெல்லாம் காலைல ஒருவாட்டிதாங்க. பீடிய வுட்டதுல இருந்து பல்லுநோவு ஜாஸ்தி ஆயிட்ச்சி. சாப்ட்டா ஒருவாட்டி, படுக்க சொல்ல ஒருவாட்டி. நாந்தாங்க வாங்கியாந்து குடுப்பேன்.” இடுப்புச் சுருக்குப்பையைப் பிரித்து, காய்ந்த வாழை மட்டையில் மடித்த பொட்டலத்தைக் காட்டினாள். காலிப் பொட்டலம்.

காலையில் குழாயடியில் அவர் ஈறில் பழுப்பாக எதையோ தேய்ப்பதை நாங்கள் எல்லாருமே பார்த்திருக்கிறோம். பல்பொடி என்று நினைத்தோம். பொடி என்பது புகையிலையை இடித்ததுதான், அது யாருக்குத்தான் தெரியாது? தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் அதைப் புகையிலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சுருட்டு நாற்றம் வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிற பெண்கள், பொடி வைத்துத்தான் பல் விளக்குவார்கள். அது மருந்து, பல்லுக்கு நல்லது. பீடி என்ன விஷத்தைக் காலுக்கு அனுப்பியதோ, அதே விஷத்தை ஈறு வழியாக இந்தப் பொடி அனுப்பிக்கொண்டிருந்தது. பீடியை விட்டதும் வந்தது பல்லுநோவே இல்லை. பீடி போன இடத்தில் பொடி வந்து உட்கார்ந்திருக்கிறது, சின்னக்கண்ணுவுக்கே தெரியாமல்.

பொட்டலத்தை டாக்டரிடம் கொண்டு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். வேலைக்குத் தேவையானதை விட இன்னொரு தடவையும் முகர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது.

நேராகக் கட்டிலுக்குப் போனார். காலிடம் பேசவில்லை. சின்னக்கண்ணுவைத் திருப்பி, அவர் முகத்தைப் பார்த்தார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து அப்படி ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

“நீ பொய் சொல்லலய்யா. நான்தான் சரியா கேக்கல.”

விஷயத்தைக் கேட்டதும் சின்னக்கண்ணு எழுந்து உட்கார்ந்தார். “அடப்பாவிங்களா! பீடி பீடின்னு இத்தினி நாளா அடிச்சிக்கினீங்களே, இத ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா அதையும் அன்னைக்கே கடாசியிருப்பனே!”

“இப்ப கடாசு” என்றார் டாக்டர்.

“இப்ப இன்னாத்த கடாசறது? காலிப் பொட்டலமா?”

அந்த மறியல் நாட்களில் இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. ஒருவருக்குப் பொங்கும்போது மற்றவருக்குத் தெரிந்துவிடும், பொட்டுக்கடலைக் கிண்ணத்தைத் தள்ளி வைப்பார். வார்டில் மற்ற நோயாளிகளுக்கு வேடிக்கை. எனக்கு வேடிக்கையாக இல்லை. தினமும் கட்டைப் பிரிக்கும்போது சாமியை வேண்டிக்கொண்டுதான் பிரிப்பேன். ஒருநாள் பாதத்தில் ஏறியிருந்த நீலம் வெளுத்திருந்தது, கறுப்பு விரலடிக் கோட்டிலேயே நின்றிருந்தது. மறுநாளும் அங்கேயே நின்றிருந்தது. டாக்டர் தீக்குச்சியை வயலட் மருந்தில் நனைத்துவிட்டு, கோடு போடாமல் கீழே வைத்தார்.

“கால் வேண்டாம். ரெண்டு விரல் போதும்” என்றார். பச்சையம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறியல் முடிந்து மரங்களை இழுத்துப் போட்டுச் சாலை திறந்தது. முதல் லாரியிலேயே முருகேசன் கடைக்குச் சரக்கு வந்துவிட்டது. கயிறு மறுபடி கனன்றது. உடனே சின்னக்கண்ணு என்னிடம், “சிஸ்டர், எதிர்க்கடைக்கு ஒருவாட்டி இட்டுக்கினு போங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “இவ்வளவு பட்டும் புத்தி வரலையா உனக்கு?” என்றேன்.

“கட மூடியிருக்க சொல்ல வுட்டது இன்னா வுட்டது சிஸ்டர்? ஊருல தின்ன ஒண்ணுமில்லன்னா எல்லாரும் விரதந்தான். தொறந்த கட முன்னாடி நின்னு பாக்கணும். நாளைக்கு மல வழில எத்தினி கட இருக்குது, அங்கெல்லாம் நீங்களா வருவீங்க?”

ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பச்சையம்மா, குதிகாலை ஊன்றி நடத்திக்கொண்டு போனோம். முருகேசன் பார்த்ததுமே, “வாண்ணே, வாண்ணே, நம்ம கட்டு வந்துட்ச்சி” என்று பீடிக்கட்டை எடுத்து நீட்டினார். பக்கத்தில் பொடி டப்பா. சின்னக்கண்ணு நின்றார். மழைக்காற்று அடிக்கிறது, அவர் கழுத்திலிருந்து வியர்வை வழிகிறது. என் தோளில் இருந்த அவர் கை இறுகியது, வலித்தது. பால் பொங்கி அடங்குகிற நேரம் ஆயிற்று.

“வேணாம் முருகேசா” என்றார். சொல்லிவிட்டு விரலை எச்சில்படுத்தி, தொங்கிக்கொண்டிருந்த கயிற்று நுனியை நறுக்கென்று நசுக்கி அணைத்துவிட்டார்.

“யோவ், இன்னாய்யா பண்ற! இப்பதான்யா பத்த வெச்சேன்!”

“கை சும்மா இருக்கல” என்றார் சின்னக்கண்ணு.

திரும்பினோம். பின்னால் டாக்டர் நிற்கிறார். கையில் புதுப் பாக்கெட், வாயில் சிகரெட். பற்றவைக்கக் குனிந்தவர் அணைந்த கயிற்றைப் பார்த்தார். சின்னக்கண்ணுவைப் பார்த்தார். முருகேசன் தீப்பெட்டியை நீட்டினார். டாக்டர் அதை வாங்கவில்லை. சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டார்.

அன்றோடு விட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. சாயங்காலம் வேப்பமரத்தடியில் புகை வந்தது. நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? விடுவார், பிடிப்பார், மறுபடி விடுவார். சின்னக்கண்ணு இரண்டு விரலை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். போகும்போது, “நீங்க எப்போ சார்?” என்று கேட்டார். டாக்டர் முணுமுணுத்தார், என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

ஆகவே கலைவாணி, உன் அறையில் இருக்கிற அந்த முதல் கேள்வியை மாற்று. எத்தனை பீடி என்று கேட்காதே. வாயில் என்ன, மூக்கில் என்ன, ஈறில் என்ன, வெற்றிலையோடு என்ன, காலையில் பல்லில் என்ன தேய்க்கிறாய் என்று கேள். கேட்டுவிட்டு வீட்டுக்காரம்மாவையும் தனியாகக் கேள். உன் சூயிங்கம் மற்றவர்களுக்குச் சரி. கால் கறுத்து வருகிறவருக்கு டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுத்துவிடாதே, அதிலும் இருப்பது பீடியிலும் பொடியிலும் இருக்கும் அதே விஷம், நிகோட்டின்தான். அப்புறம், எத்தனை தடவை தவறினாலும் எட்டாவது தடவை வருகிறவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்காதே. இதைச் சொல்வதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

புளி இறக்குகிற பருவத்தில் வருஷா வருஷம் சின்னக்கண்ணு வருவார். மலையிலிருந்து தன் காலால் நடந்து இறங்கி, ஒரு கூடைப் புளியோடு வருவார். டாக்டர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, காலைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் சொல்வார்: “மொதல்ல பாக்கெட்ட காட்டுங்க சார்.” டாக்டர் கோட்டுப் பாக்கெட்டை இழுத்துக் காட்டுவார். காலியாக இருந்தால் இவர் காலைத் தூக்கி வைப்பார். சில வருஷம் டாக்டர் அதற்கு முன்னாலேயே சிகரெட் பாக்கெட்டை மேஜை டிராயரில் ஒளித்து வைப்பதும் உண்டு. எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் டாக்டர் பாக்கெட் மேல் கையை வைத்துக்கொண்டார். இருமல் வேறு. “வேலையப் பாருய்யா. கால வை” என்றார்.

சின்னக்கண்ணு காலைச் செருப்புக்குள் விட்டார். “நீங்க காட்டல இல்ல? நானும் காட்டல.” எழுந்து போய்விட்டார்.

டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்த்தார், அதற்கடுத்தவரைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். “அந்த ஆள் போயிட்டாரா?” என்றார், என்னைப் பார்க்காமல்.

“வராந்தாவுல இருக்கார் சார். எங்கிட்ட காஸ் வாங்கிட்டுப் போய் மடிச்சிக்கிட்டு இருக்கார்.”

டாக்டர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்க் கதவோரமாக நின்றேன். சின்னக்கண்ணு நிமிர்ந்து பார்க்கவில்லை. டாக்டர் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோட்டிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்தார், பாதிதான் காலியாகியிருந்தது. பழைய கட்டுத்துணி போடுகிற வாளியில் அதைப் போட்டார். சீழும் ரத்தமுமாகக் கிடக்கும் அந்த வாளியிலிருந்து யாரும் எதையும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

“முடியலய்யா” என்றார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை. கோபம் துளியும் இல்லை.

“முடியாதுதான் சார்” என்றார் சின்னக்கண்ணு. சுருளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து டாக்டர் கையில் கொடுத்தார். “கைய சும்மா வெக்காதீங்க.”

எனக்குக் கண்ணை மறைத்தது. இரண்டு பேரும் மடித்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான் சின்னக்கண்ணு செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி டாக்டர் மடியில் வைத்தார்.